மோரிப் சேற்றுக்குள் இருப்பவர்கள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பந்திங்கில் யாரிடமாவது, பக்கத்திலுள்ள மோரிப் கடலுக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். "அது கடலா, வெறும் சேறு" என்றுதான் பதில் வரும். பள்ளி விடுமுறை விட்டால் வசதியுள்ளவர்கள் ரெடாங், தியோமான் என்று கிளம்புவார்கள். மற்றவர்களுக்குப் போர்ட்டிக்சன். மோரிப்புக்குப் போவது சாயங்காலக் காற்று வாங்குவதற்கு, மீ கோரெங் சாப்பிடுவதற்கு, அப்புறம் அஸ்தி கரைப்பதற்கு. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க யாரும் போவதில்லை. குனிந்தாலும் தெரியாது. முழங்கை வரை கையை விட்டால் விரல்கள் மறைந்துபோகும் பழுப்புத் தண்ணீர் அது.

நான் பந்திங்கைச் சுற்றியிருக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டிலிருந்து கடல் அதிகத் தூரமில்லை. ஆனாலும் அந்தச் சேற்றில் என்னென்ன உயிர்கள் குடியிருக்கின்றன என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களைக் கைப்பேசித் திரையில் எழுப்பிக் காட்டும் கலையைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதனால்தான். தமிழில் இதை மிகை மெய்ம்மை என்கிறார்கள், பிள்ளைகள் ஏஆர் என்கிறார்கள். உலகம் முழுக்க இந்தக் கலை பெரும்பாலும் பவளப்பாறையையும் திமிங்கிலத்தையும் சுற்றியே நடக்கிறது. தெளிந்த கடலுக்கு அது ஒரு கூடுதல் அழகு, அவ்வளவுதான். அது உண்மையிலேயே தேவைப்படுவது எங்கள் மோரிப் போன்ற கலங்கிய கடலுக்குத்தான் என்பது என் எண்ணம்.

முதலில் கடல் ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். லங்காட் ஆறும் அதன் அக்கம்பக்கத்து ஆறுகளும் மலாக்கா நீரிணைக்குள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கரையோரம் ஆழம் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கிள்ளான் துறைமுகப் பக்கம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 4 மீட்டர் வித்தியாசம் இருக்கும். தினம் இரண்டு முறை அவ்வளவு தண்ணீர் வந்து வந்து போனால் அடியிலுள்ள மென்சேறு படிந்து கிடக்க முடியுமா? கிளம்பி மிதந்துகொண்டே இருக்கும். ஆறுகள் அழுக்கையும் சேர்த்துத்தான் கொண்டுவருகின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் நிறத்தைப் பார்த்தே கடல் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. அந்த வண்டல்தான் இங்கே சோறு. செப்டம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துவரும் கரையோரப் பறவைகள் சிலாங்கூர்ச் சேற்றில் இறங்குவது அந்தச் சோற்றுக்காகத்தான். நீண்ட அலகைச் சேற்றுக்குள் விட்டுப் புழுவையும் சிப்பியையும் அவை தொட்டே கண்டுபிடிக்கின்றன. நமக்கு அந்த அலகு இல்லை.

அது இல்லாததால் ஒரு படையே சிக்கிக்கொண்ட கதையும் மோரிப்புக்கு உண்டு. ஜப்பான் சரணடைந்து சில வாரங்கள் கழித்து, 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப் கரையில் இறங்கின. மேலாகப் பார்த்தால் கெட்டியான மணல். லாரிகளும் கவச வண்டிகளும் இறங்கியபோது கீழே இருந்த சேறு அவற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டது. எதிரி சுட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போர் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை பேசுகிறார்கள். இந்தக் கரையில் மேலே தெரிவதற்கும் கீழே இருப்பதற்கும் அவ்வளவு தூரம்.

சரி, ஏஆர் எப்படி வேலை செய்கிறது? மெய்நிகர் என்பது கண்ணை மூடி வேறொரு உலகத்துக்குக் கூட்டிப்போவது. மிகை மெய்ம்மை அப்படியல்ல. நீங்கள் நிற்கும் இடம் அப்படியே தெரியும், அதன்மேல் ஒரு படம் சேரும். தலையில் மாட்டும் கருவி ஒன்றை வைத்து இதற்கு அடித்தளம் போட்டவர் ஐவன் சதர்லாண்ட், 1968இல். பெயர் வந்தது 1990 வாக்கில், போயிங் விமான நிறுவனத்தில். விமானத்துக்குள் எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று வேலையாள்கள் பெரிய பெரிய பலகைகளில் பார்த்துப் பார்த்துப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வரைபடத்தை வேலையாளின் கண்முன்னேயே, பொருளின் மேலேயே காட்டினால் என்ன என்று யோசித்தவர்கள் டாம் காடெல், டேவிட் மிசெல் இருவரும். கலைக்கூடத்தில் பிறக்காமல் தொழிற்கூடத்தில் பிறந்த யோசனை என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. 2016இல் போக்கெமான் கோ வந்து பந்திங் பொடியன்கள் திடலில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு அலைந்தபோது நம் ஊருக்கும் அது வந்துவிட்டது. அடுத்த வருடம் ஆப்பிளும் கூகுளும் தங்கள் கைப்பேசிகளுக்கு இதற்கான மென்பொருள் அடித்தளத்தைக் கொடுத்தன.

கைப்பேசி செய்யும் வேலையைக் கோலத்தை வைத்துச் சொல்லலாம். கோலம் போடுபவர் முதலில் புள்ளி வைப்பார், கோடு பிறகுதான். கைப்பேசியும் கேமரா காட்டும் காட்சியில் மூலைகள், விரிசல்கள், நிறம் மாறும் இடங்கள் என்று நூற்றுக்கணக்கான புள்ளிகளை மனத்தில் குறித்துக்கொள்கிறது. நீங்கள் கையை அசைக்கும்போது அந்தப் புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்ந்தன என்று பார்க்கிறது. சாய்வையும் வேகத்தையும் சொல்லும் உணரிகள் உள்ளேயே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத் தான் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டு, நண்டோ மீனோ ஒரே இடத்தில் நிற்பதுபோல் வரைந்துகொண்டே இருக்கிறது. புள்ளி நிலைத்தால் கோலம் நிற்கும்.

எங்கள் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. அலையில் புள்ளி நிற்காது. ஈரச் சேறு கண்ணாடிபோல் வானத்தைக் காட்டும், அதிலும் புள்ளி பிடிக்காது. மத்தியான வெயிலில் திரையே தெரியாது. செயற்கைக்கோளை நம்பி இடம் பிடிக்கலாம் என்றால் அது ஐந்தாறு மீட்டர் தள்ளிப் போய்விடும். மீட்டர் கணக்கில் தவறினால் நண்டு வளைக்குப் பதில் ஐஸ் விற்கும் அண்ணனின் வண்டிமேல் ஏறி நிற்கும். ஆகவே கடலைக் காட்டும் ஏஆர் ஓவியத்தைக் கடலின்மேல் ஒட்டவைக்க முடியாது. சுவர் வேண்டும், படித்துறைத் தூண் வேண்டும், அறிவிப்புப் பலகை வேண்டும். சுவரில் வரைந்த ஓவியமே கைப்பேசிக்கு அடையாளமாகவும் இருக்கலாம். நன்றாகக் கோடும் நிறமும் அடர்ந்த ஓவியம் என்றால் அதைக் கைப்பேசி சட்டென்று பிடித்துக்கொள்ளும். 2012இல் ஜார்ஜ்டவுன் சுவர் ஓவியங்கள் புகழ்பெற்ற பிறகு நம் நாட்டில் சிறு ஊர்க் கடைச்சுவர்கள்கூட ஓவியத்துக்குப் பழகிவிட்டன. அது நமக்கு நல்லதாகப் போயிற்று.

பெரிய கலைஞர்கள் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள்? 2018இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் மெல் சின் ஒரு படைப்பு வைத்தார். கைப்பேசியை மேலே தூக்கினால் தலைக்கு மேல் படகுகளும் கப்பல்களும் மிதந்து வரும். பார்ப்பவர் கடலுக்கு அடியில் நிற்கிறார். கடல் மட்டம் உயர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் சொன்னார். அதே வருடம் விட்னி அருங்காட்சியக மொட்டைமாடியில் டாமிகோ தீல் ஒரு பவளப்பாறையை எழுப்பினார். அதை நெருங்கிப் பார்த்தால் பவளம் முழுக்க நெகிழிக் குப்பை. ஆள்கள் பார்க்கப் பார்க்க அது வெளுத்துப்போகும், உண்மைப் பவளம் வெப்பத்தில் வெளுப்பதுபோல. பார்க்கும் ஆசையே சேதமாவதை அந்தப் படைப்பு காட்டிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. 2015இல் மேஜிக் லீப் என்ற நிறுவனம் ஒரு காணொளி வெளியிட்டது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத் தரையைப் பிளந்துகொண்டு திமிங்கிலம் துள்ளும், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். கோடிக்கணக்கானவர்கள் மனத்தில் ஏஆர் என்றால் அதுதான். ஆனால் அது திரைப்படத் தந்திரக் காட்சி, அப்படிக் காட்டக்கூடிய கருவி அப்போது யாரிடமும் இல்லை. பிரமிப்பு மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் இந்த வகை எனக்கு வேண்டாம். திரையை இறக்கிய பிறகு நம் கண் எங்கே போகிறது என்பதுதான் என் அளவுகோல். கூடத் தரையைத் திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை. சேற்றைத் திரும்பிப் பார்க்க இருக்கிறது.

என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நீர் இறங்கிய நேரத்தில் சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலாயில் தெம்பாக்குல், பெலாச்சாக் என்பார்கள். அவற்றில் பெரிய வகை ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளரும். தலைக்கு மேல் தவளைக் கண்கள் இரண்டு. கண் காய்ந்தால் உள்ளே இழுத்து நனைத்துக்கொள்ளும். செவுள் அறையில் தண்ணீர் வைத்துக்கொண்டு, தோலாலும் வாயாலும் காற்றை மூச்சு வாங்கும். இதுவரை மேலே தெரிவது. கீழே அது ஒரு வீடு கட்டுகிறது. சேற்றைக் கடித்துக் கடித்து வெளியே துப்பி வளை தோண்டும். அந்த ஆழத்துத் தண்ணீரில் உயிர்வளி ஏறக்குறைய கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் முட்டை எப்படிப் பிழைக்கும்? மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை வாங்கி, கீழே போய் அறையின் கூரையருகே விடுகிறது. திரும்ப மேலே வருகிறது, திரும்ப வாங்குகிறது. சேற்றுக்குள் ஒரு காற்றறை உண்டாகிறது. கூரையில் முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. இந்தக் காற்றுச் சேமிப்பைப் பினாங்குச் சேற்றுக் கரையில் ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜப்பானிலுள்ள இதன் சொந்தக்கார வகையொன்றில் இன்னும் ஒரு படி உண்டு. முட்டை பொரியும் நேரம் வந்ததும் ஆண் மீன் அதே காற்றை வாய் வாயாக எடுத்துப்போய் வெளியே விட்டுவிடும். அறைக்குள் தண்ணீர் ஏறும், முட்டைகள் பொரியும்.

இதைச் சாதாரண நிழற்படத்தில் காட்ட வழியில்லை. வளையை வெட்டித் திறந்தால் வீடு போய்விடும். மீனையும் சேற்றையும் தொடாமல் அந்த அறையைத் திறந்து காட்ட நம்மிடம் இருக்கும் கத்தி வரைபடம். அதை மீன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் காட்டுவது ஏஆர் தரும் வசதி. இந்தக் கலைக்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது பெலாங்காஸ். தமிழில் குதிரைலாட நண்டு என்கிறார்கள், நண்டைவிடச் சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கிய உறவு. எப்போதும் சேர்ந்தே திரியும் இருவரை மலாய்க்காரர்கள் "மாச்சாம் பெலாங்காஸ்" என்று கேலி செய்வதை நம் ஆள்களும் அப்படியே எடுத்துப் பேசுவதுண்டு. ஆண் பெண்ணின் ஓட்டைப் பற்றிக்கொண்டு அப்படியே கரையேறுவதால் வந்த சொல். பேச்சில் தினம் புழங்கும் உயிரினத்தை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்தில் சிலர்தான். அது அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் கரைக்கு வந்து மணலில் முட்டையிட்டு, இருட்டிலேயே திரும்பிவிடும். 44 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் குலம் உலகில் இருக்கிறது. அதன் ரத்தம் நீலம், செம்புச் சத்தால். பாக்டீரிய நஞ்சு துளி பட்டாலும் அந்த ரத்தம் உறைந்துவிடும். ஊசிமருந்தில் அந்த நஞ்சு இல்லை என்று உறுதிசெய்யும் சோதனை அதிலிருந்து வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை 1977இல் ஏற்றுக்கொண்டது. மோரிப்பில் நீல ரத்தம் ஒரு பக்கம் என்றால், சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸில் போடும் கெராங் சிப்பியின் ரத்தம் சிவப்பு. நம் ரத்தத்தைப் போலவே அதிலும் ஹீமோகுளோபின் உண்டு. உயிர்வளி குறைந்த சேற்றில் வாழ அது உதவுகிறது.

ஓசையையும் விட்டுவிடக் கூடாது. அலையாத்தி வேர்களுக்கிடையே சொடக்கு இறால் என்றொரு சிறு இறால் உண்டு. ஒரு கை பெரிதாக இருக்கும். அதைப் படீரென்று மூடும்போது நீர் பீய்ச்சி ஒரு குமிழி உண்டாகி உடைகிறது. சத்தம் வருவது கை மோதியதால் அல்ல, அந்தக் குமிழி உடைவதால் என்று 2000இல் நிறுவினார்கள். எல்லா இறால்களும் சேர்ந்து சொடுக்கினால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இருக்கும். இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைக் காதால் தேடிய கடற்படைகளை இந்தச் சத்தம் குழப்பியிருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாத கடலில் காதால் பார்க்க வைக்கலாமே. தூணை நோக்கிக் கைப்பேசியைப் பிடித்ததும் அந்தக் கடுகுச் சத்தம் கேட்டால் போதும், படம்கூட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. போன பள்ளி விடுமுறையில் என் அக்கா மகளும் நானும் வீட்டிலேயே முயன்று பார்த்தோம். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஏஆர்.ஜேஎஸ், மைண்ட்ஏஆர் என்று இலவசமாகக் கிடைக்கும் திறந்த மென்பொருள்கள் கைப்பேசி உலாவியிலேயே ஓடும், தனிச் செயலி இறக்கத் தேவையில்லை. தோட்டத்துக்குள் இணைய வேகம் எப்படியிருக்கும் என்பது தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதனால் கோப்பைச் சில மெகாபைட்டுக்குள் சுருக்கினோம். முதலில் ஒரு நண்டு. அவள் எட்டுக் கால் வரைந்தாள், கொடுக்கு இரண்டையும் சேர்த்தால் பத்து என்று நான் சொன்னேன். கண்ணுக்கு இரண்டு கறுப்புப் புள்ளி வைத்தாள். சங்கப் புலவர்கள் நண்டின் கண்ணை வேப்ப மொட்டுக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். மறுநாள் மாரியம்மன் கோயில் வேம்பிலிருந்து ஒரு கொத்து மொட்டைப் பறித்துவந்து, காம்போடு பார்த்துப் பார்த்து வரைந்தாள். காம்பின் நுனியில் நீண்டு நிற்கும் கண். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒருவர் நண்டை எவ்வளவு உற்றுப் பார்த்திருந்தால் அந்த உவமை வந்திருக்கும்!

முதல் முயற்சியில் நண்டு சுவரைவிட்டு விலகிக் காற்றில் தொங்கியது. "சித்தி, நண்டு பறக்குது!" என்று கத்தினாள். வெள்ளைச் சுவரில் ஒற்றை நிறப் படம், கைப்பேசிக்குப் பிடிமானம் போதவில்லை. சுற்றிலும் வேர்களும் இலைகளும் வரைந்த பிறகு நின்றது. அளவைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினோம். கண்ணுக்கே தெரியாத டயட்டம் என்ற பாசியை, ஒளிச்சேர்க்கை செய்து நாம் மூச்சுவிடும் காற்றில் பங்கு தரும் அந்தச் சின்ன உயிரை, தட்டு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினால் பிள்ளைகள் அது அவ்வளவு பெரிது என்றே நம்பிவிடுவார்கள். பக்கத்தில் ஓர் அரிசிமணியையும் அதே அளவுக்குப் பெரிதாக்கி வைக்கலாம் என்றாள். சுவர் முழுக்க அரிசியாகிவிடும், ஆனாலும் சரியான யோசனை. நிறத்திலும் நான் கண்டிப்பு. இணையத்தில் ஓடும் கடல் ஏஆர் படங்களில் எல்லாம் ஊதாவும் மின்பச்சையுமாக மின்னுகின்றன. இரவில் அலை உடையும்போது நீலமாக ஒளிரும் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் உண்மையிலேயே உண்டு, 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையே அதைப் பார்க்கத் திரண்டது. அதற்கு நீலம் போடுவோம். சேற்று மீனுக்குச் சேற்று நிறம்தான்.

இடத்தைக் காட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். பெலாங்காஸ் முட்டையிடும் இடத்தைத் துல்லியமாக வரைபடத்தில் குறித்துவிட்டால் பார்க்க வருபவர்களோடு பிடிக்க வருபவர்களும் வருவார்கள். அதன் முட்டையை விரும்பிச் சாப்பிடுபவர்கள் நம் நாட்டில் உண்டு. சேற்றில் இறங்கத் தூண்டும் படமும் கூடாது, 1945இல் லாரியை விழுங்கிய சேறு அது.

கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கலை இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆற்றைத் தாண்டினால் கேரித் தீவு. அங்கே வாழும் மா மெரி பூர்வகுடி மக்கள், அலையாத்திக் காட்டில் வளரும் நீரே பத்து மரத்தில் முகமூடி செதுக்குகிறார்கள். ஒவ்வொரு முகமும் அவர்களின் ஒரு மூதாதை ஆவி. ஆடுபவர் அதை அணிந்ததும் இல்லாதவர் வந்து நிற்கிறார். கடலோடு இவ்வளவு காலம் பழகிய அவர்களைக் கேட்காமல் இந்தக் கரையின் உயிர்களை வரையத் தொடங்குவது சரியாக இருக்காது.

எங்கள் பங்கும் இந்தக் கடலில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கரையோரத் தோட்டங்கள் உருவானபோது அலையாத்தியை வெட்டி, மண் கரை எழுப்பி, காண் என்ற வடிகால் வெட்டிக் கடலை வெளியே தள்ளினார்கள். மண்வெட்டி பிடித்த கைகளில் நம் முன்னோர் கைகளும் உண்டு. இன்றும் கரையோரத் தோட்டத்துக் காண்களின் முடிவில் ஒரு தண்ணீர்க் கதவு இருக்கும், மலாயில் பிந்து ஆயிர். கடல் இறங்கும்போது திறந்து தோட்டத்துத் தண்ணீரை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். செம்பனைக்குப் போட்ட உரத்தில் வேர் எடுக்காத மிச்சம் மழையோடு சேர்ந்து அந்த வழியாகத்தான் சேற்றுக்குப் போகிறது. கதவின் ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் தெம்பாக்குல். இரண்டும் ஒரே தண்ணீர். அந்தக் கதவைத் தாங்கும் சிமெண்டுச் சுவரில் பாசியும் விரிசலும் நிறைய இருப்பதால் கைப்பேசிக்குப் புள்ளி தாராளமாகக் கிடைக்கும், மரநிழலும் உண்டு.

தோட்டத்து ஆள்களிடம் கேட்டிருக்கிறோம், வரைய விடுவார்கள் போலிருக்கிறது. படம் எந்நேரமும் ஒரே மாதிரி தெரியக் கூடாது, நீர் இறங்கும்போது மீன் மேலே இருக்க வேண்டும், ஏறும்போது வளைக்குள் இருக்க வேண்டும் என்று அக்கா மகள் பிடிவாதமாக இருக்கிறாள். கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைக் கணினியில் சேர்த்தால் அது முடியும். இப்போதைக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கும் வீட்டுச் சுவரில், வேப்ப மொட்டுக் கண் நண்டுக்குக் கீழே, வரும் அமாவாசை இரவில் கடல் முழுதாக ஏறும் நேரத்தைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். அன்றைக்குத் தன்னை மோரிப்புக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அக்காவிடமும் சொல்லிவிட்டாள்.